லைட்னிங் டிரக்கை இன்னும் எவ்வளவு இறக்கலாம்?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். 2003 ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங் பிக்கப் ஒன்றை ஓஹையோவில் கிளீவ்லாந்து பக்கம் வாங்கியிருக்கிறீர்கள். வண்டி நிற்கும் உயரத்தை முன்னால் 2 அங்குலம், பின்னால் 4 அங்குலம் இறக்க ஆசை. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி, மாதம் ஒருமுறை பின்னால் மோட்டார் சைக்கிள் ஏற்றுவீர்கள். "ஸ்பிரிங்கும் ஷாக்கிளும் மாற்றினால் போதுமா, வளைவில் இன்னும் நன்றாகப் பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் (ஷாக்கிள் என்பது பின் ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் துண்டு). போதுமா என்பதற்குப் பதில் சுலபம்: போதாது. பிடிக்குமா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உயரம் குறைந்தால் பிடிப்பு தானாகக் கூடிவிடும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பாதி உண்மை அது.

மிச்சிகனில் ஒரு சஸ்பென்ஷன் பட்டறையில் 14 வருடமாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் அலைன்மெண்ட், இறக்கிய வண்டிகள், இறக்கிக் கெட்டுப்போய் வரும் வண்டிகள். நான் சொல்வதெல்லாம் சாலையில் ஓடும் டிரக்குகளைப் பற்றி. கால் மைல் பந்தயத்துக்கு டிரக் அமைப்பது வேறு கலை, அதில் எனக்கு அனுபவம் இல்லை. உங்கள் வண்டியை நேரில் பார்க்காததால் சில இடங்களில் "அளந்து பாருங்கள்" என்றுதான் சொல்ல முடியும்.

லைட்னிங்கைப் பொறுத்தவரை முதலில் நினைவில் வைக்க வேண்டியது, அது ஏற்கெனவே இறக்கப்பட்ட வண்டி. 1999 முதல் 2004 வரை வந்த இந்த இரண்டாம் தலைமுறையை, சாதாரண எஃப்-150-ஐ விட முன்னால் அரை அங்குலமும் பின்னால் 2 அங்குலமும் தாழ்த்தித்தான் தொழிற்சாலையிலிருந்தே அனுப்பினார்கள். முன்னால் 31 மில்லிமீட்டர், பின்னால் 23 மில்லிமீட்டர் ஸ்வே பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), 295/45 அளவில் 18 அங்குல டயர், 2001-க்குப் பிறகு பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர். உங்களுடைய 2003-இல் 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜ் எஞ்சின் 380 குதிரைத்திறனும் 450 பவுண்டு-அடி டார்க்கும் (முறுக்குவிசை) தருகிறது. அப்படியென்றால் சாதாரண எஃப்-150-க்கு என்று எழுதப்பட்ட "2/4 கிட்" (முன்னால் 2, பின்னால் 4 அங்குலம் இறக்கும் பாகங்கள்) உங்கள் வண்டியில் அதே எண்ணைத் தராது. விற்பவர் சொல்லும் 4 அங்குலம் எந்த உயரத்திலிருந்து எண்ணியது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சாதாரண டிரக்கின் உயரத்திலிருந்து எண்ணியது என்றால், அதில் 2 அங்குலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வேகமான பிக்கப்பைத் தாழ்த்துவதற்கு ஒரு விலை உண்டு என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். 1991-இல் வந்த ஜிஎம்சி சைக்ளோன், 280 குதிரைத்திறன் டர்போ எஞ்சினோடு, தன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களை ஓடவிட்டுப் பிடித்த டிரக். ஆனால் அதன் பின்புறத்தில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கிட்டத்தட்ட 227 கிலோ, அதாவது ஒரு பெரிய மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். நீங்கள் மோட்டார் சைக்கிள் ஏற்றுபவர் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில், வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை இருக்கும். இறக்கிய பிறகு அந்த எண் காகிதத்தில் மாறாது, ஆனால் அதைத் தாங்குவதற்கு இருந்த இடம் குறைந்துபோயிருக்கும்.

அந்த இடம்தான் எல்லாமே. சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடைவெளி, அதாவது வண்டி நிற்கும் நிலையிலிருந்து ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் மோதும் வரை உள்ள தூரம். ஒரு பள்ளமோ மேடோ வந்தால் அந்தத் தூரத்துக்குள் ஸ்பிரிங் அந்த அடியை விழுங்கியாக வேண்டும். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 3 அங்குலமாக இருந்த தூரம் 2 அங்குலமானால், அதே அடியைத் தாங்க ஸ்பிரிங் 2.25 மடங்கு கடினமாக இருக்க வேண்டும். பாதியாகிவிட்டால் 4 மடங்கு. ஷாக் அப்சார்பரும் டயரும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு கறாராக இருக்காது, ஆனால் திசை இதுதான். கடைகளில் கிடைக்கும் இறக்கும் ஸ்பிரிங்குகள் எதுவும் இரண்டு மடங்கு கடினமாக இருப்பதில்லை, இருந்தால் யாரும் அந்த வண்டியில் உட்கார மாட்டார்கள். மீதி அடியைப் பம்ப் ஸ்டாப் வாங்குகிறது. வளைவின் நடுவில் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் மோதினால், அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங் அந்த நொடியில் கல்லாகிவிடுகிறது. அந்த மூலையில் எடை சட்டென்று ஏறும், டயர் பிடிப்பை விடும். முன்பக்கம் மோதினால் வண்டி நேராக ஓடப் பார்க்கும். பின்பக்கம் மோதினால் வால் வெளியே போகும். "இறக்கினேன், வளைவில் பயமாக இருக்கிறது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான்.

போன வருடம் ஒரு லைட்னிங் பட்டறைக்கு வந்தது. பின்னால் நிறைய இறக்கியிருந்தார்கள், "சில நேரம் டக்கென்று ஒரு சத்தம்" என்பதுதான் புகார். லிஃப்டில் ஏற்றி, பின் அச்சுக்கு மேலே சேஸிஸின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு பெயிண்டும் துருவும். நடுவில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் வெள்ளிக்காசு போல மின்னியது. அச்சுக் குழாய் நேரே சேஸிஸில் மோதி மோதிப் பளபளப்பாக்கியிருக்கிறது. இறக்கியபோது பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அது இருந்தால் வண்டி எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால். பம்ப் ஸ்டாப்பைச் சிறியதாக்கலாம், எடுத்துப் போடக் கூடாது. இடம் வேண்டுமென்றால் சேஸிஸில் அந்த இடத்தை வளைவாக வெட்டிக் கனமான தகடு வைத்து வலுப்படுத்துவார்கள், சி-நாட்ச் என்று பெயர். நன்றாகச் செய்தால் பாதுகாப்பான வேலை. ஆனால் சேஸிஸை வெட்டுவது திரும்பப் பெற முடியாத முடிவு, தினசரி ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, முன்பக்கம் வருவோம். உங்கள் வண்டி பின்சக்கர இயக்கம், முன்னால் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரண்டு ஆர்ம்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் காயில் ஸ்பிரிங். இதை இறக்க இரண்டு வழி: குட்டையான ஸ்பிரிங் போடலாம், அல்லது ஸ்பிண்டிலையே மாற்றலாம். டிராப் ஸ்பிண்டில் என்பது சக்கரம் பொருத்தும் அச்சுமுனை 2 அங்குலம் மேலே தள்ளி அமைக்கப்பட்ட ஒன்று. ஆர்ம்கள் பழைய கோணத்திலேயே இருக்கும், ஸ்பிரிங் அசையாது, பம்ப் ஸ்டாப் வரை உள்ள தூரம் அப்படியே மிஞ்சும். வண்டி மட்டும் கீழே வரும். காசு கூட, வேலையும் கூட. ஆனால் 2 அங்குலம்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். போடும் முன் உங்கள் ரிம்மின் உட்புறம் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையிலும் ஆர்மிலும் உரசுகிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்டி கீழே வரும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடமும் குறையும், அது எந்த வழியில் இறக்கினாலும் உண்டு.

குட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதைப் பலர் பேசுவதில்லை. வண்டியின் புவியீர்ப்பு மையம் கீழே வருவது நல்லது, அதில் சந்தேகம் இல்லை. மையம் தரையிலிருந்து 27 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றரை அங்குலம் இறக்கும்போது வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை 5, 6 சதவீதம் குறையும். ஆனால் ஆர்ம்களின் கோணம் மாறும்போது, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் கீழே போகிறது. பெரும்பாலும் புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டால், தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட உயரத்தில் நின்றால் இந்தக் கெடுதல் வேகமெடுக்கிறது என்பது வடிவியலில் உறுதியான விஷயம். ஓட்டும் ஆளுக்கு அது எவ்வளவு தெரியும் என்பது டயரையும் ஸ்வே பாரையும் பொறுத்து மாறும், அதை ஒரு எண்ணாகச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். முன்னால் ஸ்பிரிங் மாற்றி ஒரு அங்குலம் இறக்கிய டிரக்குகள் நன்றாகவே ஓடுகின்றன. 2 அங்குலம் தாண்டினால் கலவையான பலன்தான் பார்த்திருக்கிறேன்.

இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டினால் என்ன என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். வெட்டினால் ஸ்பிரிங் குட்டையாவதோடு கடினமும் ஆகும். 10 சுருள் வேலை செய்யும் இடத்தில் ஒன்றை வெட்டினால் 11 சதவீதம் கூடும், ஆகவே அந்த யோசனை முட்டாள்தனமல்ல. சிக்கல் வேறு இடத்தில்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து திரும்பிக்கொள்ளலாம். காஸ் டார்ச்சால் வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய், பிறகு ஒருநாள் உடையும். இன்னொன்று, ஸ்பிரிங் ஆர்மின் நடுப்பக்கம் உட்காருவதால், ஸ்பிரிங்கில் ஒரு அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் ஒரு அங்குலம் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் இறங்கும். அரைச் சுருள் என்று வெட்டியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே போய் நிற்பது இதனால்தான். இந்த வகை ஸ்பிரிங்கைக் கழற்றும்போது உள்ளே அடைபட்டிருக்கும் விசை ஆளைக் கொல்லும் அளவு. சரியான கம்ப்ரஸர் இல்லாமல், ஸ்பிரிங்கைச் சங்கிலியால் ஆர்மோடு கட்டாமல் கை வைக்காதீர்கள். வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல அது.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஊர் லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்பார்களே, அதேதான். அதன் ஒரு முனை சேஸிஸில் பொருத்திய ஹேங்கர் என்ற தாங்கியில், இன்னொரு முனை அசையும் ஷாக்கிளில். நீளமான ஷாக்கிள் போட்டால் வண்டி இறங்குமா ஏறுமா என்பது ஷாக்கிள் எப்படித் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. சேஸிஸ் பக்கத்து போல்ட் ஸ்பிரிங் கண்ணுக்குக் கீழே இருந்தால் நீளமானது இறக்கும், மேலே இருந்தால் ஏற்றும். குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும், பார்த்துவிட்டு வாங்குங்கள். இதேபோலத்தான் பிளாக், அதாவது பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் கட்டையின் விஷயமும். பழைய செவ்ரோலே எஸ்-10 போன்ற வண்டிகளில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கிறது, நடுவில் பிளாக் வைத்தால் வண்டி இறங்கும். எஃப்-150-இல் பட்டை அச்சுக்கு மேலே. அங்கே பிளாக் வைத்தால் வண்டி ஏறிவிடும். பட்டையை அச்சுக்குக் கீழே கொண்டுபோகும் ஃபிளிப் கிட் ஒரேயடியாக 5, 6 அங்குலம் இறக்கும், அதோடு சி-நாட்ச்சும் வந்து சேரும். உங்கள் தேவைக்கு அது இல்லை.

ஓஹையோ வண்டி என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, இந்தக் காலத்து எஃப்-150-களின் பின் ஸ்பிரிங் ஹேங்கரையும் ஷாக்கிளையும்தான் முதலில் தின்கிறது. வெளியே முழுதாகத் தெரியும், ஸ்குரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் போல உதிரும். இறக்கும் பாகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் குத்திப் பாருங்கள். ஹேங்கர் சேஸிஸோடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. ரிவெட்டின் தலையை அரைத்து, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்து அடித்து வெளியேற்ற வேண்டும். துருப்பிடித்த வண்டியில் ஒரு பக்கத்துக்கு அரை நாள் எடுத்த வேலையும் உண்டு. அதற்குப் பதில் உயர்தர போல்ட்டும் லாக் நட்டும். எப்படியும் ஹேங்கர் மாற்ற வேண்டிய நிலை என்றால், இறக்கும் ஹேங்கரை அப்போதே போட்டுவிடலாம், கூலி ஒருமுறைதான்.

அடுத்தது 450 பவுண்டு-அடி டார்க்கினால் வரும் விஷயம். பின்பக்கம் இறங்கும்போது டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள யூ-ஜாயிண்ட் (கோணத்தில் மடங்கியபடி சுழலும் இணைப்பு) கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பொருந்தாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு வரும், நாளாக நாளாக ஜாயிண்ட் போய்விடும். கமான் பட்டை வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அச்சு முறுக்கிக்கொண்டு மூக்கைத் தூக்கும், அதாவது டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனையை. அதனால் நிற்கும்போது மூக்கை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து. எத்தனை டிகிரி என்பதில் மெக்கானிக்குகளுக்குள் ஒத்த கருத்து கிடையாது. நான் அளந்து, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றுகிறேன்.

பொருத்தும்போது இரண்டு தவறுகளை மட்டும் செய்யவிடாதீர்கள். ஒன்று, பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட். பழையதைத் திரும்பப் போடக் கூடாது, முதல்முறை இறுக்கும்போதே அது நீண்டிருக்கும். புதியது போட்டு, நூறு மைல் ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். இரண்டாவது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகள். ஆர்மில் இருந்தாலும் சரி, பட்டைக் கண்ணில் இருந்தாலும் சரி, வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி எதிர்பார்த்த உயரத்துக்கு வராது, ஓட்டம் விறைப்பாக இருக்கும், ஒரு வருடத்தில் புஷ் கிழியும். "ஸ்பிரிங் சரியில்லை" என்று வந்த ஒரு வண்டியில் நான் செய்ததெல்லாம் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை நாலுமுறை அமுக்கி விட்டு, திரும்ப இறுக்கியதுதான்.

ஷாக் அப்சார்பரை மறக்காதீர்கள். இறக்கிய வண்டியில் பழைய ஷாக் ஏற்கெனவே பாதி உள்ளே போய் நிற்கிறது. பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே அதன் பிஸ்டன் அடியில் இடித்தால், ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டன் அடிபட்டுப் போகும். இறக்கிய உயரத்துக்கென்று அளவெடுத்த குட்டை ஷாக் வேண்டும்.

அலைன்மெண்ட் முடித்த தாளைக் கையில் வாங்குங்கள். இறங்கியதும் கேம்பர் நெகட்டிவாகப் போகும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்; அதோடு டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும் மாறும். டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு ஒழுங்காகத் தேயும் டயர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், டோ தவறினால் சில ஆயிரம் மைலில் உட்புறம் கம்பி தெரியும். டிரக்கின் பின் அச்சு நேராக நிற்கிறதா என்பதும் அந்தத் தாளில் தெரியும். பட்டையின் நடு போல்ட் அச்சின் குழியில் சரியாக உட்காராவிட்டால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். பிறகு ஹெட்லைட் ஒளியைத் திரும்பச் சரிசெய்யுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு இறங்கியிருப்பதால் ஒளி விழும் இடம் மாறியிருக்கும், பின்பக்கம் கூடுதலாக இறங்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அமெரிக்க விதியில் ஹெட்லைட் தரையிலிருந்து குறைந்தது 22 அங்குலத்தில் இருக்க வேண்டும். சக்கர ரிம்மின் அடிமட்டத்தைவிடக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் வரக் கூடாது என்று கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் சட்டமே வைத்திருக்கின்றன. டயர் காற்றுப் போனால் தரையில் உராய்வது அந்தப் பகுதியாக இருக்கக் கூடாது, அதுதான் காரணம். நீங்கள் யோசிக்கும் அளவில் இரண்டுமே பிரச்சினை ஆகாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முன்னால் ஒரு அங்குலம் ஸ்பிரிங்கில், பின்னால் இப்போது இருக்கும் உயரத்திலிருந்து 2 அங்குலம் ஷாக்கிளிலோ ஹேங்கரிலோ, குட்டை பம்ப் ஸ்டாப், பொருத்தமான ஷாக், புது புஷ். ஸ்வே பாரை இப்போதைக்குத் தொட மாட்டேன். பின்பக்க உயரம் குறைந்து வண்டி மட்டமாக நிற்கும், பார்வைக்கு நீங்கள் தேடும் மாற்றத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். மோட்டார் சைக்கிளும் ஏறும்.

வாங்கும் முன் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பெட்ரோல் டாங்கை நிரப்பி, மட்டமான தரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். பிறகு குனிந்து, நாலு மூலையிலும் பம்ப் ஸ்டாப்புக்கும் அது மோதும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கடைசியாக மோட்டார் சைக்கிளைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, பின் இரண்டு மூலைகளை மறுபடி அளந்துகொள்ளுங்கள். அந்தப் பத்து எண்களையும், ஹேங்கரைக் குத்திப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் இங்கேயே எழுதினால், எந்த ஷாக்கிள் அளவு சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.